குஷன்காரரும் கண்ணாடிக்காரரும்

என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கொண்டதே பொறாமையில்தான். அவருடைய கடைக்கு அடுத்த கடையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பெண் கேட்டு வரப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. அதுவரை என்னை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், அது காதில் விழுந்த மறுநாளே தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ரேடியோக்காரர் சட்டையை மாட்டுவதற்குள் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்க இருந்தது என்னை இல்லை, என் சித்தப்பா மகளை. இதை நான் இன்றுவரை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாட்டம் எரிவார்.

தொழில் குஷன் கடை. கார் சீட், பஸ் சீட், முடிவெட்டும் கடை நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று மனிதன் உட்காருகிற எதுவாக இருந்தாலும் தைத்துக் கொடுப்பார். அதனால் ஊரே அவரைக் குஷன்காரர் என்றுதான் கூப்பிடும். தையல் சுத்தமாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சோபாவை விரல் முட்டியால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். நன்றாக இருந்துவிட்டால் முகம் சுருங்கிப் போகும். மட்டமாக இருந்தால் அன்றைக்கு முழுக்க குஷி. "இதுல உக்காந்தா உக்காந்த இடத்துலயே வேர் விட்டுடும்" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

அவருக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதே வருஷம் எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டு வைத்தார்கள். "அவனுக்கு மட்டும் எப்படி ரெண்டு?" என்று கேட்டவர் என் புருஷனைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரோடு குடும்பம் நடத்தி நடத்தி அந்தத் தீ எனக்கும் தொற்றியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் புகைந்தால் யாருக்குத்தான் கண் கரிக்காது?

மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தபோது அவர் அதை மூல வியாதி என்றே முடிவு கட்டினார். நாள் முழுக்க மிஷினில் உட்காருகிறவனுக்கு மூலம் வராமல் வேறு என்ன வரும் என்று அவருக்கு அவரே வைத்தியரானார். களிம்பு களிம்பாக வாங்கித் தடவினார். எடை குறைந்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடும் நிலைமை வந்த பிறகுதான் நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குடலின் கடைசி முனையில், வெளியே போகும் வாசலுக்கு ஒரு விரற்கடை மேலே, புற்று.

உடனே அறுக்க மாட்டார்களாம். முதலில் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சை வைத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், கூடவே மாத்திரை. அதற்காகத் தினமும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் போய்க் காத்திருப்போம். அங்கேதான் கண்ணாடிக்காரரைப் பார்த்தோம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இவரைவிட நாலைந்து வயது சின்னவர், ஒல்லி, மெதுவாகப் பேசுவார். அவருக்கும் அதே வியாதி, ஏறக்குறைய அதே இடம், அதே டாக்டரம்மா. முதல் நாளே "அண்ணே" என்று ஒட்டிக்கொண்டார். இவரும் "தம்பி, இந்த நாற்காலியில உக்காராதீங்க, ஸ்பாஞ்ச் செத்துப் போச்சு, அதுல உக்காருங்க" என்று நல்ல நாற்காலியைக் காட்டிக்கொடுத்தார். இதெல்லாம் ஆபரேஷன் பேச்சு வரும்வரைதான்.

எனக்கு அதற்கும் முன்பே எரிய ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிக்காரர் உள்ளே போய்விட்டு வெளியே வரும்போதெல்லாம் தன் மனைவியைப் பார்த்து, "நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்பார். நோயாளி அவர். கேட்க வேண்டியவள் அந்தப் பெண். ஆனாலும் அவர்தான் கேட்பார். அந்தப் பெண் "ம்" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறப்பாள். என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பஸ் போயிடுச்சா?" அந்தப் பெண் என்னை அக்கா அக்கா என்று அன்பாகத்தான் கூப்பிட்டாள். அவள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரம்தான்.

கரண்ட் வைத்து முடிந்து, கொஞ்ச நாள் ஆறவிட்டு, மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். மேஜைமேல் ஒரு தாளை வைத்துக் குடலைப் படமாகப் போட்டார்.

"கட்டி சுருங்கியிருக்கு. ஆனா சுத்தமா போகல. சுத்தமா போயிருந்தா அறுக்காமலே கண்காணிக்கலாம்னு சொல்லியிருப்பேன். இல்ல, கீழ் வழியா சின்னதா சுரண்டி எடுத்திருக்கலாம். அது ரெண்டும் உங்களுக்கு இப்ப சரிப்படாது."

"அப்ப?"

"ரெண்டு வழி இருக்கு. கட்டி இருக்கிற பகுதியை எடுத்துட்டு, மேல இருக்கிற நல்ல குடலைக் கீழ இழுத்து வாசலோட இணைக்கிறது ஒண்ணு. அந்த இணைப்பு ஆறுற வரைக்கும் தற்காலிகமா வயித்துல ஒரு பை. அப்புறம் அதை மூடிடுவோம். இன்னொண்ணு, வாசலையும் சேத்து எடுத்துட்டுக் கீழ தைச்சு மூடிடறது. வயித்துல இடது பக்கம் குடலுக்கு ஒரு வாய் வெச்சுப் பை. அது கடைசி வரைக்கும்."

இவர் முதல் வழியின்மேல் விரலை வைத்தார். டாக்டரம்மா மறுத்துத் தலையசைத்தார்.

"அவசரப்படாதீங்க. இணைக்கிற இடத்துல ஒட்டு விட்டுப் போறதுக்கு வாய்ப்பு இருக்கு. விட்டுப் போனா உள்ள சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். நல்ல இதயம் அதைத் தாங்கிடும். உங்க இதயம் பாதி வேலைதான் செய்யுது. சர்க்கரை இருக்கு. இத்தனை வருஷக் கடைப் பசை வாசனையில நுரையீரலும் கெட்டுக் கிடக்கு. உங்களுக்கு ஒட்டு விட்டா நான் உங்களைத் திரும்ப வீட்டுக்கு அனுப்ப முடியும்னு சொல்ல மாட்டேன்."

இவர் கேட்டது வேறு. "கண்ணாடிக் கடைத் தம்பிக்கு என்ன பண்றீங்க?"

அடுத்தவர் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். வெளியே வந்ததும் கண்ணாடிக்காரரே சொன்னார். அவருக்கு இணைக்கப் போகிறார்களாம். அதுவும் வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷனாம். இவருக்கு அதுவும் கிடையாது. அந்த ஆபரேஷனில் தலையைக் கீழே சாய்த்துப் போட்டு வயிற்றில் காற்றை நிரப்புவார்களாம், இவர் இதயத்துக்கும் மூச்சுக்கும் அது ஆகாதாம். இவருக்கு வயிற்றை நீளமாகக் கிழித்து, சீக்கிரமாக முடித்துவிட வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "அவனுக்கு அஞ்சு புள்ளி, எனக்குக் கோடு. அவனுக்கு ஒட்டு, எனக்குப் பை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். புற்று அவர் மனதில் இருந்த மாதிரியே தெரியவில்லை.

நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "இத்துப் போன கேன்வாஸைக் கொண்டு வந்து, இதுல புது ரெக்சினைச் சேத்துத் தைச்சுக் குடுங்கன்னு ஒருத்தன் கேட்டா நீங்க தைச்சுக் குடுப்பீங்களா?"

"மாட்டேன். ஊசி போன ஓட்டையிலேயே கிழியும்."

"அப்ப?"

"நான் கேன்வாஸ் இல்லடி" என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இவரைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். படிக்கட்டில் நிறுத்தாமல் இரண்டு மாடி ஏறச் சொல்வார்களாம். நெஞ்சு வலிக்காமல், மூச்சு வாங்காமல் ஏறிவிட்டால் இதயம் நினைத்த அளவுக்கு மோசமில்லை, இணைப்பதைப் பற்றி இன்னொரு தடவை யோசிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த களையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் வீட்டுப் படியே அவர் பாதியில் நின்றுதான் ஏறுவார்.

அன்று படிக்கட்டுக்குக் கீழே மயக்க டாக்டர் இவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதற்கு முன்னால் இவர் செருப்பைச் சரிசெய்வதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டதை நான் பார்த்துவிட்டேன். நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்த மாத்திரை. அதை வலி வருவதற்கு முன்பே வைத்துக்கொண்டு ஏறினால் கொஞ்ச நேரம் நெஞ்சு அடங்கிக் கிடக்கும். பொறாமைக்காரன் மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்!

ஏறினார். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. டாக்டரும் நானும் பின்னால் ஏறினோம். மேலே நின்று மயக்க டாக்டரைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு புன்னகை வேறு. அந்த டாக்டர் சின்ன வயது. "பரவாயில்லையே சார், நல்லாவே ஏறிட்டீங்க" என்று எழுதப் போனார்.

நான் கண்ணாடிக்காரர் மனைவியை நினைத்தேன். அவளாக இருந்தால் புருஷன் ஆசைப்படுகிறாரே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள், அதைப் பார்த்து ஊரே நல்ல மனைவி என்றிருக்கும். எனக்கு அந்த நல்ல பெயர் வேண்டாம் என்று தோன்றியது. எனக்கு இந்த மனுஷன்தான் வேண்டும்.

"டாக்டர், அவரை நாக்கைத் தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் தூக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் பார்ப்பார். டாக்டர் மறுபடியும் கேட்ட பிறகு தூக்கினார். வெள்ளையாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதோடு ஒட்டுப் பேச்சு முடிந்தது. நான் சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை. நாளைக்கே இன்னொரு தடவை அந்தப் படிக்கட்டில் நிறுத்தினாலும் சொல்வேன்.

ஆபரேஷன் நடந்தது. கீழே மூடி, மேலே பை வைத்தார்கள். இதயம் ஒரு நாள் தடுமாறி, பிறகு நின்று நிதானித்துக்கொண்டது. பிழைத்தார். கண் விழித்ததும் கண்ணாடிக்காரர் எப்படி இருக்கிறார் என்றுதான் நர்ஸிடம் கேட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். "தண்ணி", "ஃபேன்", "கதவைச் சாத்து" என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாக விழும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அந்தப் பையை, அந்தக் குடல் வாயை, அவர் என் கண்ணில் காட்டவில்லை. பையைக் காலி செய்வது குளியலறையில், தாழ் போட்டுக்கொண்டு. பையை மாட்டுவதற்காக வயிற்றில் ஒட்டிய தட்டை மாற்ற வேண்டிய நாளில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அங்கே இதற்கென்றே ஒரு சிஸ்டர் இருந்தாள். பை சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாநிறம், சிரித்த முகம், கை அவ்வளவு மென்மை என்று இவரே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லக் கேட்டேன்.

நானும் கூடப் போவேன். திரைக்கு வெளியே உட்காருவேன். உள்ளே இவர் சிரிப்பார். வீட்டில் காணாத சிரிப்பு. "சிஸ்டர், இந்த ஒட்டுற தட்டை எங்க கடையில செஞ்சா இன்னும் நல்லா செய்வேன்" என்பார். அவள் "செஞ்சு குடுங்க சார், ஆஸ்பத்திரியே வாங்கிக்கும்" என்பாள். எத்தனை வருஷம் அந்த வயிற்றுக்கு நான் சமைத்துப் போட்டிருக்கிறேன்! அதைப் பார்க்க எனக்குத் திரை, நேற்று வந்தவளுக்கு விளக்கு வெளிச்சம். அந்தப் பெண் தன் வேலையைத்தான் செய்தாள், எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் எரியாதா?

சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒட்டுப் போட்டவர்கள் எல்லாம் படாத பாடு படுகிறார்கள், பைதான் நிம்மதி என்று ஆளாளுக்கு ஒரு கதை. இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். கண்ணாடிக்காரர் கஷ்டப்படுகிறாரா என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தற்காலிகப் பையையும் எடுத்து மூடிவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. அன்று இவர் தனக்காகத் தைத்து வைத்திருந்த மெத்தையில் திரும்பித் திரும்பி உட்கார்ந்தார். கீழே தைத்த புண் ஆற மாதக்கணக்காகியிருந்தது. அதற்காக மூன்று விதமான ஸ்பாஞ்ச் அடுக்கி அவரே தைத்துக்கொண்ட மெத்தை அது. உலகத்துக்கே சீட் தைத்தவருக்கு உட்கார இடமில்லை என்று நான் மனதுக்குள் அழுதது அவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு நாள் கண்ணாடிக்காரர் போன் செய்தார். உடம்பு தேறியதற்கு வீட்டில் ஒரு சாப்பாடு, நாலைந்து பேர்தான், அண்ணன் கட்டாயம் வர வேண்டும் என்றார். வர மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். "வரேன்" என்றார். போய்ப் பார்க்க வேண்டுமே, எப்படி நடக்கிறான், எப்படி உட்காருகிறான் என்று!

கிளம்பும் நாளன்று காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து குளியலறையில் வெகு நேரம் இருந்தார். வெளியே வரும்போது கடை வாசனை அடித்தது. இப்போதெல்லாம் அவர் பசையைத் தொடுவதில்லை, அதனால் எனக்கு விசித்திரமாக இருந்தது. கேட்டால் பதில் வரப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கண்ணாடிக்காரர் வீடு கடைக்கு மேல் மாடியில். சின்ன வீடு, ஒரே குளியலறை. அவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகவே இருந்தார். சட்டையை இன் பண்ணியிருந்தார், வயிறு தட்டையாக இருந்தது. இவர் தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தார். இவர் கண் அந்த பெல்ட்டை விட்டு நகரவில்லை. எனக்கும்தான். அந்தப் பெண் புருஷன் தோளில் கை வைத்துக்கொண்டு பரிமாறினாள்.

பாதிச் சாப்பாட்டில் இவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. நெஞ்சோ என்று நான் பதறினேன். இவர் எழுந்து, இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டார். பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏய்... இங்க கொஞ்சம் வா."

என்னைத்தான். அந்தப் படிக்கட்டுக்குப் பிறகு அவர் என்னை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் பார்க்க நான் ஓடினேன்.

சட்டை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். தட்டின் ஓரம் முழுக்க மஞ்சளாக ஒரு வளையம். ரெக்சினை மரத்தில் ஒட்டுகிற கடைப் பசை. கண்ணாடிக்காரர் முன்னால் பை கழன்றுவிடக் கூடாது என்று அதைச் சுற்றிப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். பசைக்கு அடியில் தோல் வெந்து, ஓரமெல்லாம் கொப்பளித்துக் கிடந்தது. இழுத்தால் தோலும் வரும் போலிருந்தது.

"மனுஷனா நீங்க? வயிறு என்ன வண்டி சீட்டா?"

"கத்தாத. எரியுது."

"எரியட்டும். நல்லா எரியட்டும்" என்று சொல்லிக்கொண்டே கதவை ஒரு கை அளவுக்குத் திறந்து, அந்தப் பெண்ணிடம் சமையல் எண்ணெய் வாங்கினேன். எண்ணெய் பட்டால் பசை இளகும் என்று குஷன்காரர் மனைவிக்குத் தெரியாதா? சொட்டுச் சொட்டாக விட்டு, நகத்தால் ஓரத்தை நெம்பி நெம்பி எடுத்தேன். தட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல இருந்தது. தானாக லேசாக அசைந்தது. இதைத்தானா இத்தனை மாதம் ஒளித்து வைத்தார்? அருவருப்பெல்லாம் வரவில்லை. இவ்வளவுதானே என்று இருந்தது, கூடவே இவர்மேல் அப்படி ஒரு கோபம்.

"அன்னைக்கு நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நானும் பெல்ட் போட்டிருப்பேன்" என்றார் மெதுவாக.

"ஆமா. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா இன்னைக்கு இந்தச் சாப்பாட்டுக்கு நான் மட்டும்தான் வந்திருப்பேன்."

என் தலைமேல் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்காரர். "அண்ணே... கொஞ்சம் சீக்கிரமா..."

"ரெண்டு நிமிஷம் தம்பி" என்றேன் நான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க, எனக்கு ரெண்டு நிமிஷம் நிக்காது. சாப்பிட்ட உடனே வந்துடும். ஒட்டுப் போட்டதுலேருந்து இப்படித்தான். தயவு செஞ்சு..." குரல் உடைந்தது. கதவில் உள்ளங்கை உரசுகிற சத்தம் கேட்டது.

பொய் சொல்ல மாட்டேன், என் மனம் ஒரு குதி குதித்தது. வேண்டும் அவருக்கு, பெல்ட் போட்டாரே என்றுகூட நினைத்தேன். இவர் முகத்திலும் அதைத் தேடினேன். ஆயுள் முழுக்க இவர் காத்திருந்த நிமிஷம் அல்லவா அது! அடுத்தவனிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது. இவர் நின்ற இடத்தில் நிற்கலாம், அவசரமே இல்லை. வெளியே ஒருத்தன் கெஞ்சுகிறான்.

"கதவைத் திற" என்றார்.

"சட்டையை..."

"திறடி. அவன் வெளியில நாலு பேர் முன்னாடி நிக்கிறான்."

திறந்தேன். கண்ணாடிக்காரர் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்து பெல்ட்டை அவிழ்த்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய்க் கிண்ணமும் கையுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறேன், இப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை. கொஞ்ச நேரம் சத்தமெல்லாம் கேட்டு அடங்கியது.

"அண்ணே, இது ஏன் இப்படி வெந்து கிடக்கு?"

"கடைப் பசை."

"அதை எதுக்குப் போட்டீங்க?"

"உன் வீட்டுக்கு வர்றதுக்குத்தான்."

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நான் நேத்துலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல அண்ணே. உங்க முன்னாடி எந்திரிச்சு ஓடக் கூடாதுன்னு. நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். பஸ்ல போறீங்க, கடையைப் பாக்குறீங்கன்னு. எனக்கு ஒரே எரிச்சல். கடைசியில வாசனை தாங்காம ரெண்டு வாய் சாப்பிட்டுட்டேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டும் ஒருத்தர் நின்றுகொண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று இவர் சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை மாதம் தாழுக்கு வெளியே நின்றேன்! எனக்குத் திறந்த கதவு, கிண்ணத்து எண்ணெய் தீர்வதற்குள் அந்த மனுஷனுக்கும் திறந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம்கூட எனக்கென்று முழுசாக இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பை சிஸ்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகத் திட்டினாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு திரைக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இனிமே இவ மாத்துவா. சொல்லிக் குடுங்க."

அவள் சொல்லிக் கொடுத்தாள். வெந்த தோலுக்குப் பவுடர், ஈரம் போகத் துடைக்க வேண்டும், தட்டில் ஓட்டையைச் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும், ஒட்டிய பிறகு உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிஜமாகவே மென்மையான கை. பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே ஏதோ அரித்தது. பஸ் நிறுத்தத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்க அளவுக்கு எனக்குக் கை வருமா?"

"வராது" என்றார் உடனே. "அவ கை பூ. உன் கை ரம்பம்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அப்ப அவங்ககிட்டயே போக வேண்டியதுதானே?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவகிட்ட எவ்வளவு வலிச்சாலும் வலிக்கலைன்னுதான் சொல்லணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். உன்கிட்டன்னா கத்தலாம்" என்றார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கேட்கவில்லை. ஜன்னலோர சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, மட்டமான அந்த சீட்டில் தான் உட்கார்ந்துகொண்டு, நல்லதை எனக்கு விட்டார்.

அடுத்த தடவை தட்டை மாற்றியது நான். கத்தினார். ஐயோ, எரியுதடி, கொலைகாரி, மெதுவா எடுடி என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. இது காதில் விழும்படி அந்த சிஸ்டர் பக்கத்துத் தெருவில் குடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.